ஒரு புகலிடக் கோப்பும் நாற்பது பக்க நோட்டும்

இலங்கையிலிருந்து வந்து மலேசியாவில் புகலிடம் கேட்ட ஒரு தம்பியின் நேர்காணல் ஏழு மாதம் தள்ளிப்போனதற்கு ஒரு பிரிபெய்ட் சிம் கார்டுதான் காரணம். டாப்-அப் போடக் கையில் காசில்லாத ஒரு மாதத்தில் எண் காலாவதியாகிவிட்டது. புது எண் வாங்கினார். வீட்டுக்காரருக்குக் கொடுத்தார், வேலை செய்யும் கடைக்குக் கொடுத்தார், ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தார். கோலாலம்பூரில் தன் கோப்பு இருக்கும் ஐநா அகதிகள் ஆணைய அலுவலகத்துக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பழைய எண்ணுக்கு அழைப்பு போயிருக்கிறது. எடுக்க ஆளில்லை.

இது 2017-ல் நடந்தது. அந்தக் குடும்பத்தின் கோப்போடு நானும் அலைந்த வருடங்களில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். அவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் பெயர், வேலை போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறேன். 2007 முதல் இதற்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. 1917-ல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நான் இன்னொரு தோட்டத்து ஆபிசில் 31 வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தேன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதுவது, சம்பளக் கணக்கு பார்ப்பது, அதற்கு மேல் லயத்து ஜனங்களுக்கு பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுப்பது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஐசி என்ற அடையாள அட்டை எடுக்க, சேமநிதிப் பணம் எடுக்க, எல்லாவற்றுக்கும் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

என் அம்மா இந்த மண்ணில் பிறந்தவர். ஆனால் குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசியோடுதான் இறந்தார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், கல்யாணப் பதிவில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். 2011-ல், குடியுரிமைப் பத்திரம் இல்லாத இந்தியர்களுக்காக மைடஃப்தார் பதிவு நடந்தபோது எத்தனையோ பேருக்கு பாரம் எழுதினேன். அதைப் பார்க்க அம்மா இல்லை. ஒரு எழுத்துப் பிழை ஒரு மனுஷியின் ஆயுளைத் தின்னும் என்பதைக் கண்ணால் கண்டவன் நான். அதனால், வன்னியிலிருந்து வந்த இந்தக் குடும்பம் ஒரு பிளாஸ்டிக் பையில் தங்கள் காகிதங்களைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தபோது, முதலில் பெயர்களைத்தான் பார்த்தேன்.

அதைச் சொல்லும் முன், தாமதம் இங்கே என்ன செய்யும் என்று சொல்லிவிட வேண்டும். மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று ஒரு பிரிவே கிடையாது. ஆவணம் இல்லாதவர் எல்லோரும் ஒன்றுதான்; பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை தண்டனை உண்டு. புகலிடம் கேட்பவர்களைப் பதிவு செய்வதும், விசாரித்து முடிவு சொல்வதும் ஐநா அகதிகள் ஆணையத்தின் கோலாலம்பூர் அலுவலகம்தான். வியட்நாம் படகு மக்கள் வந்த 1975-லிருந்து இங்கே இருக்கிறது. பதிவானவர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். பெரும்பகுதி மியான்மாரிலிருந்து வந்தவர்கள், இலங்கையர் ஒரு சிறு கை அளவுதான். ஆணையம் கொடுக்கும் யூஎன் கார்டு கையில் இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க முடியாது. ஆனால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும். போலீஸ் நிறுத்தினால் காட்ட ஒன்று இருக்கும். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு தடுப்பு முகாம்களுக்குள் போக ஆணையத்துக்கு அனுமதி இல்லாமல் போனது. கோப்பு முடியும் முன் பிடிபட்டு உள்ளே போனவருக்கு நேர்காணல் எப்படி நடக்கும்? இங்கே காத்திருப்பது என்றால் அப்படித்தான்.

சரி, பெயருக்கு வருகிறேன்.

இலங்கைப் பாஸ்போர்ட்டில் அந்தத் தம்பியின் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தது. அவர் பெயர் அடுத்த வரியில். பதிவின்போது அப்படியே எழுதியிருக்கிறார்கள், அது சரி. பிறகு கிளினிக் அட்டையில் நம் ஊர் வழக்கப்படி நடுவில் ‘இன்னாரின் மகன்’ என்று பொருள்படும் ‘ஏ/எல்’ நுழைந்து பெயர்கள் இடம் மாறின. அவர் கையாலே எழுதிய விண்ணப்பத்தில் ‘க’ ஒலிக்கு ஒரு இடத்தில் ஆங்கில ‘கே’ எழுத்து, இன்னொரு இடத்தில் ‘ஜி’. நமக்கு இரண்டும் ஒரே பெயர். தமிழ் தெரியாத அதிகாரி ஒருவர் கணினியில் தேடும்போது அது இரண்டு ஆள்.

இதில் மிகப் பெரிய பிழையைச் செய்தவன் நான்தான். 2018-ல் அவர்களுக்கு இங்கே ஒரு மகன் பிறந்தான். பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும் என்று நானே பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். முப்பது வருடப் பழக்கத்தில், தாயின் பெயரை நம் ஊர் எழுத்துக்கூட்டலில் எழுதிவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதவில்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு தாய், கோப்பில் இன்னொரு தாய். அந்தக் குழந்தையைக் குடும்பக் கோப்பில் சேர்க்கத் திருத்தமும் விளக்கக் கடிதமுமாக ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதமும் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் என் வயிறு கலங்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு விதி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, பிழையாக இருந்தாலும், அதே எழுத்துகளை அதே வரிசையில் எல்லா இடத்திலும் எழுத வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு முதல் பதிவில் உள்ளதுதான் பாஸ்போர்ட். வேறு எங்காவது மாறியிருந்தால் மறைக்கக் கூடாது. “இந்தக் காகிதத்தில் என் பெயர் இப்படி இருக்கிறது, இரண்டும் நான்தான், காரணம் இது” என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கோப்போடு வைத்துவிட வேண்டும். அதிகாரி கண்டுபிடித்துக் கேட்கும்போது சொல்லும் விளக்கத்துக்கும், நாமே முன்கூட்டிக் கொடுத்த விளக்கத்துக்கும் மதிப்பு வேறு.

பெயரை விட ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கே பல மாதம் ஆனது. நம் தமிழும் அவர்கள் தமிழும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன்.

பதிவுப் பாரத்தில் அவர் மூன்று தம்பிகள் என்று எழுதியிருந்தார். மனைவி தன் பேட்டியில் கணவருக்கு ஒரு தம்பி என்றிருக்கிறார். யார் பொய் சொல்கிறார்கள்? இருவரும் இல்லை. நான் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ஐயா, ரெண்டு பேர் சித்தியின்ர பிள்ளையள். நாங்கள் ஒரே வளவுக்குள்ள வளந்தனாங்கள். தம்பி எண்டுதானே சொல்லுவம்?” நாமும் அப்படித்தான் சொல்லுவோம். பெரியப்பா மகன் அண்ணன், சித்தப்பா மகள் தங்கை. ஆனால் பாரத்தில் கேட்பது ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களை. தமிழ்க் குடும்பங்களின் கோப்புகள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. உறவுமுறைச் சொல்லை விட்டுவிட்டு, யார் வயிற்றில் பிறந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுத வைத்தேன்.

இன்னொன்று ‘காம்ப்’. அவருடைய பழைய வாக்குமூலம் ஒன்றில் எட்டு மாதம் காம்பில் இருந்ததாக இருந்தது. இன்னொன்றில் இரண்டு வருடம். காசு வாங்கிக்கொண்டு யாரோ எழுதிக் கொடுத்தது முதலாவது. உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டபோதுதான் மூன்று வேறு இடங்கள் வெளியே வந்தன. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது சில நாள் வைத்திருந்தது இராணுவ முகாம். பிறகு அவரைப் பிரித்துக்கொண்டு போய் வைத்தது, புலிகளோடு தொடர்பு என்று சந்தேகித்தவர்களை அடைத்த புனர்வாழ்வு முகாம். மனைவி இருந்தது செட்டிகுளம் மெனிக் ஃபார்மில், நலன்புரி முகாம். விடுதலையான பிறகு அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். மூன்றையும் ஒரே சொல்லில் ‘காம்ப்’ என்றார். மொழிபெயர்த்தவரும் ஒரே சொல்லாக எழுதினார். படித்தவருக்கு எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஒரு புனர்வாழ்வு முகாமும் இடம்பெயர்ந்தோர் முகாமும் ஒன்றல்ல என்பதுதான் அவருடைய வழக்கின் உயிரே.

இதற்கு மேல் ஒன்று. 2010 ஜூலைக்கு முன்பு, வடக்கிலிருந்து வந்த தமிழர் என்பதே ஆணையத்தின் வழிகாட்டலில் பெரிய காரணமாக இருந்தது. அந்த மாதம் வெளியான புதிய வழிகாட்டலில் அது மாறியது. 2012 டிசம்பரிலும் இன்னொன்று வந்தது. ஒவ்வொருவருக்கும் தனக்கு மட்டும் என்ன ஆபத்து என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே கதையை எழுதிக் கொடுக்கும் ஆட்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்தத் தம்பியின் உண்மையான கதை, அவர் காசு கொடுத்து வாங்கிய கதையை விடப் பல மடங்கு வலுவானது. சொல்லத்தான் விடவில்லை.

எப்படிச் சொல்ல வைப்பது? பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தேதி கேட்டால் அவருக்குத் தடுமாற்றம் வந்துவிடும், கை நடுங்கும். மனைவிதான் வழி காட்டினார். அவருக்குத் தேதி நினைவில்லை. ஆனால் மூத்த மகள் வயிற்றில் இருந்த மாதங்கள் நினைவிருந்தன. இடங்கள் நினைவிருந்தன. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி விழுந்தது எல்லோருக்கும் தெரிந்த தேதி. அதை ஒரு முளையாக அடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று அவர்கள் நகர்ந்த வரிசையை எழுதினோம். “மாத்தளனில இருக்கேக்கதான் எனக்குச் சத்தி தொடங்கினது, அண்ணை.” சத்தி என்றால் வாந்தி. அது எத்தனையாவது மாதம், பிள்ளை எப்போது பிறந்தாள், அப்படியானால் மாத்தளனில் இருந்தது எப்போது. இப்படிப் பின்னோக்கி எண்ணி எண்ணி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம்.

சில பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன. நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதினோம். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்லுவேன். நேர்காணலில் சரியான தேதி தெரியாவிட்டால் யாரும் கோப்பை மூடிவிட மாட்டார்கள். ஊகித்து ஒரு தேதி சொல்லி, ஆறு மாதம் கழித்து இன்னொரு தேதி சொன்னால்தான் இரண்டாவது பேட்டி, மூன்றாவது பேட்டி என்று இழுக்கும். “மழைக்காலம், தீபாவளிக்கு முன்பு” என்று சொல்வது ஒரு பதில்தான். தூக்கம் இல்லாமல், நினைவு தவறி, பேசும்போது உடம்பு உதறுகிறவர்கள் மருத்துவரிடம் போய் அதை எழுதி வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். அவர் அதற்கு வெட்கப்பட்டு ஒரு வருடம் போகவில்லை. போன பிறகுதான், ஏன் கேள்விக்கு இவர் இப்படித் திணறுகிறார் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிய ஒரு காகிதம் கிடைத்தது.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. பிறப்பு அத்தாட்சி, குடும்ப அட்டை, கிராம சேவகர் கடிதம், முகாமிலிருந்து விடுவித்த பத்திரம், செஞ்சிலுவைச் சங்கம் தடுப்பில் வந்து பார்த்ததற்கான சான்று இருந்தால் அது. ஊரில் இருக்கும் உறவினர் மூலம் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம், ஆனால் கேட்பதால் அவர்களுக்கு ஆபத்து வருமா என்று முதலில் யோசிக்க வேண்டும். தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தானாகப் போய் நிற்க வேண்டாம். அந்த அரசைக் கண்டு பயந்துதான் வந்தேன் என்று சொல்பவர் ஏன் அங்கே போனார் என்ற கேள்வி வரும். சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அசல் காகிதத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

யாரிடமும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “யூஎன்ல எனக்கு ஆள் இருக்கு” என்று ஒருவன் இவரிடம் மூவாயிரம் ரிங்கிட் வாங்கியிருந்தான். மூன்று மாத வாடகையும் சாப்பாடும் அது. ஆணையம் செய்யும் எந்தக் காரியத்துக்கும் பணம் கிடையாது: பதிவுக்கும் இல்லை, பேட்டிக்கும் இல்லை, வேறு நாட்டுக்கு அனுப்புவதற்கும் இல்லை. இந்த ஒரு வரியை ஒவ்வொரு கோவில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து புக்கிட் பெட்டாலிங்கில் இருக்கும் அலுவலகத்துக்குப் போக பஸ் மாறி மாறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் போலீஸ் ரோட் புளோக் இருந்தால் அவ்வளவுதான். பேட்டிக்கு முதல் நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்க வைத்தோம். அழைப்புக் கடிதத்தின் நகல் ஒன்று அவரிடம், ஒன்று மனைவியிடம், ஒன்று என்னிடம். மனைவி தனக்குப் பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதினார். அப்படிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியாவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். “புரியேல்லை எண்டு சொன்னா மரியாதைக் குறைவா நினைப்பினமோ?” என்று அவர் கேட்டார். நினைக்க மாட்டார்கள் தம்பி, புரியாமல் தலையாட்டினால்தான் கெட்டது என்றேன். கடைசியில் எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். ‘காம்ப்’ மறுபடியும் ஒரு இடத்தில் மாறியிருந்தது. அங்கேயே திருத்தினார்கள். அந்த ஐந்து நிமிடம் எத்தனை மாதத்தை மிச்சம் பிடித்தது என்று என்னால் கணக்குப் போட முடியாது.

வெளியே வந்ததும் பஸ்ஸிலேயே நோட்டைத் திறந்து, என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று எழுதிக்கொண்டே வந்தோம். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 30 நாள்தான் உண்டு. அப்போது நினைவை நம்பி உட்கார முடியாது.

காத்திருக்கும் காலத்தில் தினமும் போன் போடுவதால் ஒன்றும் நகராது. ஆனால் நிலைமை மாறினால் சொல்லாமல் இருப்பதும் தப்பு. கர்ப்பம், பெரிய நோய், கைது, வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது, பிள்ளைக்கு ஆபத்து. ஆபத்து அதிகம் உள்ளவர்களின் கோப்பை முதலில் எடுப்பார்கள். எடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தோட்டத்து ஆபிசில் பெரிய துரைக்கு எழுதும்போது நான் பின்பற்றிய முறையையே இதற்கும் வைத்துக்கொண்டேன்: மேலே கோப்பு எண், கீழே பெயர், பிறகு ஒரே ஒரு விஷயம், ஒரே ஒரு வேண்டுகோள், அதற்கான ஒரு சான்று. அழுகையையும் கோபத்தையும் என்னிடம் கொட்டிவிட்டுப் போகச் சொன்னேன். கடிதத்தில் அதற்கு இடமில்லை.

இதெல்லாம் நம் பக்கத்தில் செய்யக்கூடியது. மறுபக்கம் பெரிது. தம்பியின் அக்கா சுவிட்சர்லாந்தில் இருக்கிறார். அங்கே 2019 மார்ச்சில் முறையை மாற்றினார்கள். விண்ணப்பித்த தொடக்கத்திலேயே அரசு செலவில் ஒரு சட்ட உதவியாளரைக் கொடுத்து, சிக்கல் இல்லாத வழக்குகளை 140 நாளுக்குள் முடிப்பது என்று வைத்தார்கள். அவசரப்படுத்துவது சில சமயம் ஆபத்து, அங்கேயும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த யோசனையில் எனக்கு நம்பிக்கை உண்டு. நான் திண்ணையில் உட்கார்ந்து நான்கு ஞாயிறு செய்த வேலையை, விஷயம் தெரிந்த ஒருவர் முதல் வாரத்திலேயே செய்திருந்தால் இந்தக் குடும்பத்துக்கு வருடங்கள் மிச்சமாகியிருக்கும். இங்கே ஒரு அலுவலகத்தின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நாடு ஒதுங்கி நிற்கிறது. 2025-ல் அமெரிக்கா நிதியைக் குறைத்த பிறகு உலகம் முழுக்க ஆணையமே ஆட்களைக் குறைத்தது. சட்டம் வரவேண்டும். வரும்வரை வன்னித் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களும், பாரம் நிரப்பத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார்களும் கிராணிகளும் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும்.

அவர்களை அகதிகள் என்று அங்கீகரித்துவிட்டார்கள். வேறு நாட்டில் குடியேறும் வாய்ப்பு இன்னும் வரவில்லை. உலகில் ஒரு வருடத்தில் நூறு அகதிகளில் ஒருவருக்குக்கூட அது கிடைப்பதில்லை. மெனிக் ஃபார்மில் அம்மா இருந்தபோது பிறந்த அந்த மூத்த மகள் இப்போது உயரமாக வளர்ந்து நிற்கிறாள். நோட்டு இப்போது அவளிடம்தான் இருக்கிறது, மூன்றாவது நோட்டு. போன மாதம் அப்பாவின் போன் எண் மறுபடியும் மாறியது. அன்று சாயங்காலமே என்னிடம் ஓடிவந்தாள். “தாத்தா, நானே எழுதி அனுப்பிட்டன். பேரைப் பாஸ்போட்டைப் பாத்துத்தான் எழுதினனான். ஒருக்கா சரி பாருங்கோ.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். சரியாக இருந்தது.